ஒரகடத்துக்கு வடக்கே 15 லட்சம் ஆண்டு பழைய 'உற்பத்திக்கூடம்': வயதைச் சொன்னது விண்வெளிக் கதிர்!

வல்லக்கோட்டை முருகன் கோயில் பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம், "இந்தப் பக்கம் எப்போ இருந்து மேனுஃபேக்சரிங் ஏரியா?" என்று கேட்டால், பலரும் 1998-ஐச் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கிய ஆண்டு அது. ஆனால், இங்கிருந்து நேர்கோட்டில் வடக்கே சுமார் 40 கி.மீ. போனால், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் வரும். அங்கே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே 'புரொடக்‌ஷன்' நடந்திருக்கிறது. தயாரான பொருள், கல் கைக்கோடாரி.

யார் கண்டுபிடித்தது?

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் செதுக்கப்பட்ட கல் ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு அதுதான் முதல் சான்று. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. பல்லாவரத்தில் இன்று அந்தக் குழியைத் தேடினால் கிடைக்காது. வீடுகளும் கடைகளும்தான் இருக்கின்றன.

சரி, 15 லட்சம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இங்கேதான் விண்வெளி வருகிறது. பூமி மேல் எந்நேரமும் காஸ்மிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. தரையில் வெளியே கிடக்கும் கல்லில் உள்ள குவார்ட்ஸில் அவை மோதும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்கள் மிகச் சிறிய அளவில் உருவாகும். அந்தக் கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக உருவாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பது சிதையத் தொடங்கும். இதில் அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டு. பெரிலியம்-10-க்கு சுமார் 14 லட்சம் ஆண்டு. ரெண்டும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. அதனால், இப்போது மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

சாந்தி பப்பு தலைமையிலான குழு இப்படித்தான் அளந்து, 2011-ல் 'சயின்ஸ்' இதழில் சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டது. பிறகு 2018-ல் 'நேச்சர்' இதழில் இன்னொரு முடிவு: இதைவிட நுட்பமான சிறு கருவிகள் செய்யும் முறை அங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இது வேறு காலக்கணிப்பு முறையில் கிடைத்த வயது.

அப்போ 'உலகின் முதல் மனிதன் தமிழன்' வாட்ஸ்அப் பார்வர்டு?

இல்லை. அதை நம்ப வேண்டாம். கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கருவிகளுக்கு வயது 33 லட்சம். அதோடு, நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் வயதே இதுவரை கிடைத்த சான்றுகளின்படி சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்கில் கல் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். அவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. இவ்வளவு சுவாரஸ்யமான உண்மை கையில் இருக்கும்போது பொய் எதற்கு என்பதுதான் புரியவில்லை.

சிக்கல் எங்கே?

மேலே சொன்ன கணக்குக்குக் கல் மட்டும் போதாது. அது எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதும் தெரிய வேண்டும். சரளையோடு சேர்ந்து லாரியில் ஏறி சாலைக்கு அடியில் போய்விட்டால், கைக்கோடாரியும் வெறும் ஜல்லிதான்.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதியில் மண் வெட்டும் வேகம் எல்லோரும் பார்ப்பதுதான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். வேலையும் வீடும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோண்டுவதற்கு முன் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்பதுதான் கேள்வி.

சட்டம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கிறது. இதே வட்டாரத்தில் பல கிராமங்களில் இரும்புக்கால ஈமச்சின்னங்களான கல்வட்டங்கள் உள்ளன. பார்க்க சாதாரணக் கற்குவியல் போல இருக்கும். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் இடம் என்றால், 2010 சட்டத் திருத்தப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். மனை வாங்குபவர்கள் பட்டாவோடு இதையும் பார்த்துக்கொள்வது நல்லது, பிறகு அப்ரூவல் சமயத்தில் தெரிந்தால் பணம் முடங்கிவிடும். பட்டியலில் இல்லாத இடங்களுக்கு இந்த 100 மீட்டர் எல்லை கிடையாது. சரளை மண்ணில் சிதறிக் கிடக்கும் கற்கருவிகளில் பெரும்பாலானவற்றின் நிலை அதுதான்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துவர வேண்டாம். இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்து, லொகேஷனோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கலாம். நிஜக் கைக்கோடாரி எப்படி இருக்கும் என்று பார்க்க, பூண்டி நீர்த்தேக்கம் அருகே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்காக 1904-ல் வாங்கப்பட்டன.