நோகாமல் உழைப்பது குற்றமா?

“படிக்காவிட்டால் களை வெட்டத்தான் போவாய்!” என்று பெரியவர்கள் நம்மை மிரட்டுவதுண்டு. களை வெட்டிய கூலியில் என்னைப் படிக்க வைக்கும் தாயின் மகள் நான். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் வலக்கை என் கண்முன் வந்து நிற்கும்.

எங்கள் ஊர் காட்டேரிக்குப்பம். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் பூமி. மணிலாவுக்குக் களை வெட்டும் நாட்களில் மாலையில் வீடு திரும்பும் அம்மாவால் ஓர் ஈரத்துணியைக்கூடப் பிழிய முடியாது. துணி பிழிவதும், மணிக்கட்டு முதல் முழங்கை வரை தைலம் தேய்ப்பதும் என் வேலை. “வயசாகுதில்ல” என்பார்கள். அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு!

சென்ற விடுமுறையில் ஒரு நாள் நானும் உடன் சென்றேன். மதியம் கஞ்சிக்கு அமர்ந்தபோது தூக்குவாளியின் மூடியை என்னால் திறக்க முடியவில்லை. எனக்கு வயது பதினைந்து. குற்றம் வயதின்மேல் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவின் களைக்கொத்தை எடுத்துப் பார்த்தேன். காம்பின் நீளம் ஒரு சாண். பருமன் என் கட்டைவிரல் அளவு. அவ்வளவுதான்!

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியாகச் சென்று விரல்களை இழுக்கின்றன. காம்பு மிக மெல்லியதாக இருந்தால், அது கையில் சுழலாதிருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஓயாமல் இறுகிய தசைக்குள் இரத்தம் நன்கு ஓடாது; ஆகவே விரைவில் களைத்துவிடும். மணிக்கட்டை வளைத்துப் பிடித்தால் பிடியின் வலிமையே குறைந்துபோகும். வலிமை குறைந்த கையால் மேலும் இறுக்குகிறோம், மேலும் வலிக்கிறது. முழுக்கையால் பற்றும் கருவியின் பிடி சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமன் இருப்பது நல்லது என்பது இத்துறை அறிந்தவர்கள் கூறும் அளவு. மழுங்கிய அலகும் ஒரு பகைதான்; அது தின்பது நம் தோளின் பலத்தை.

நான் இரண்டு காரியங்கள் செய்தேன். பழைய சைக்கிள் டியூபைக் கீறி, அம்மாவின் களைக்கொத்துக் காம்பில் சுற்றிப் பருமனாக்கினேன். ஊர்த் தச்சரிடம் சொல்லி, வேலமரத்தில் நெஞ்சளவு நீளமுள்ள காம்பு ஒன்று செதுக்கி, வேறொரு கொத்தில் பூட்டினேன். செடியை ஒட்டிய களைக்குக் குட்டைக் கொத்து. இரு வரிசைக்கு நடுவே நின்றபடி வெட்ட நீளக் கொத்து.

முதல் நாளே நிலத்துக்காரர் வரப்பில் நின்று, “என்ன, நோகாம நோம்பு கும்பிடலாம்னு பாக்கறியா?” என்று கேட்டாராம். சுற்றிலும் சிரிப்பு. மறுநாள் அம்மா நீளக் கொத்தைக் கதவின் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார்கள். “குனிஞ்சாத்தான்டி அவங்களுக்கு வேலை செய்யற மாதிரி தெரியும்” என்றார்கள்.

தோழியரே, இது காட்டேரிக்குப்பத்துக் கதை மட்டும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லெட்டூஸ் கீரை முதலிய பயிர்களுக்குக் களை வெட்டிய மெக்சிகோ வழித் தொழிலாளர்களுக்கும் குட்டைக் காம்புக் கொத்துதான் தரப்பட்டது. ‘எல் கோர்ட்டிட்டோ’, அதாவது ‘குட்டையன்’ என்று அதற்கு அவர்கள் பெயரிட்டிருந்தனர். நாள் முழுதும் குனிந்து அவர்களுடைய முதுகெலும்பு நொந்தது. நீளக் காம்பு பயிரைக் கெடுக்கும் என்றனர் பண்ணையார்கள். ஆனால் மேஸ்திரிக்கு வேறொரு வசதியும் இருந்தது: யார் நிமிர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும்! ஆபத்தான கைக்கருவியைத் தடுக்கும் விதி அங்கே முன்னரே இருந்தது. ஆயினும், உடைந்த அல்லது சரியாகச் செய்யப்படாத கருவிக்குத்தான் அவ்விதி பொருந்தும் என்று அதிகாரிகள் வாதிட்டனர். 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உடையாத கருவியும், அதைப் பயன்படுத்தும் முறையால் மனிதனை உடைக்கலாம் அன்றோ! அவ்வாண்டே குட்டையன் தடை செய்யப்பட்டான். லெட்டூஸ் இன்றும் அங்கே விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. 1976-இல் போபாலில் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், நின்றபடியே தள்ளி இழுக்கும் இரட்டைச் சக்கரக் களைக்கருவியையும், உட்கார்ந்தபடியே மணிலா உடைக்கும் கருவியையும் உருவாக்கியிருக்கிறது. இந்திய உழவுத் தொழிலாளரின் உயரம், கையின் அளவு, உடல் வலிமை ஆகியவற்றை ஆண், பெண் இருபாலாரிடமும் அளந்து 2009-இல் நூலாகவும் வெளியிட்டது. வேளாண்மையில் உள்ள பெண்களுக்கென்றே 1996-இல் புவனேஸ்வரத்தில் ஓர் ஆய்வு மையம் தோன்றியது. நமக்கு அருகிலேயே, குரும்பாப்பேட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆக, அறிவு இருக்கிறது, கருவியும் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் கூலிக்காரியைச் சோம்பேறி என்று எண்ணாத மனம்தான் இன்னும் வரவேண்டும்.

நீளக் காம்பு எல்லா வேலைக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. மணிலாச் செடியை ஒட்டி வெட்டக் குட்டைக் கொத்துதான் தோது. விழுது இறங்கத் தொடங்கிய பின் கொத்தவே கூடாது என்பதும் அம்மா சொல்லித் தெரிந்தது. நான் கேட்பதெல்லாம், எந்த வேலைக்கு எந்தக் காம்பு என்பதைப் பிடிக்கிற கை முடிவு செய்யட்டும் என்பதே. நம் தையல் வகுப்பையே எண்ணிப் பாருங்கள். இடக்கைப் பழக்கமுள்ள தோழி, வலக்கைக்காரருக்கென்று செய்த கத்தரிக்கோலைப் பிடித்துக் கட்டைவிரல் சிவந்து நிற்கும்போது, “உனக்குத் தையல் வராது” என்று நாமும் சிரித்தவர்கள்தாமே?

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு எரிமலையும் ராக்கெட்டும் செய்வோம், வேண்டாம் என்று கூறவில்லை. அவற்றின் அருகே அம்மாவின் கைக்குப் பொருந்தும் ஒரு களைக்கொத்துக்கும், அண்டை வீட்டு அத்தையின் கைக்குப் பொருந்தும் ஓர் அரிவாளுக்கும் இடம் கொடுப்போம். நிலம் வைத்திருக்கும் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரப்பில் நிற்கும்போது யார் குனிந்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். எத்தனை வரிசை முடிந்தது என்று பாருங்கள்.

சைக்கிள் டியூப் சுற்றிய கொத்தை மட்டும் அம்மா விடவில்லை; வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாதல்லவா? வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் போன வாரம் தம் புடவையைத் தாமே பிழிந்து உலர்த்தினார்கள்.

நீளக் கொத்து இன்னும் கதவின் பின்னால்தான் நிற்கிறது. அது வயலுக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, காட்டேரிக்குப்பம்