சங்கம் வெச்சா தப்பா, பாஸ்?

"கவர்மென்ட் வேலை கிடைச்சாச்சுன்னா லைஃப் செட்டில். அப்புறம் எதுக்குடா அவங்களுக்குச் சங்கம், கொடி, கோஷம் எல்லாம்?"

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசைக்கு க்யூவில் நின்றபோது நண்பன் கிளப்பிய கேள்வி இது. இதில் காமெடி என்னன்னா, கேட்டவன் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு ராத்திரி பகலாகப் படிக்கிறான்!

சட்டுனு பதில் வரலை. ரூமுக்கு வந்து தோண்டியதில் மாட்டியது, 2003. நானெல்லாம் பிறப்பதற்கு முந்தைய கதை.

ஓய்வூதியச் சலுகைகளைத் தமிழக அரசு குறைத்ததை எதிர்த்து, அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். முதல்வர் ஜெயலலிதா அசரவில்லை. 2002-ல் போட்ட 'டெஸ்மா' சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை இன்னும் கடுமையாக்கி ஓர் அவசரச் சட்டமும் வந்தது. சில நாட்களிலேயே சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ்! விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூட இல்லை. காலியான நாற்காலிகளுக்குத் தற்காலிக ஆள் எடுத்தார்கள். க்யூவில் போய் நின்றது யாரு? நம்மளை மாதிரி வேலை தேடிய இளைஞர்கள்தான்.

ஆகஸ்ட் 6-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அரசு ஊழியர்களுக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்டப்படியும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்றது. பெரும்பாலானோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா, கோர்ட்டே சொல்லிடுச்சு!" என்றான் நண்பன்.

இருடா ராசா. கோர்ட் கூடாதுன்னது ஸ்டிரைக்கை. சங்கத்தை இல்லை. சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவிலேயே இருக்கு. ராணுவம், போலீஸ் மாதிரியான பணிகளுக்கு அதில் தனிக் கட்டுப்பாடு உண்டு.

தனியார் கம்பெனி முதலாளி நம்மை வேலையை விட்டுத் தூக்கலாம். ஆனா, அதுக்காக அவரால் ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டம் போட முடியுமா? அரசாங்கத்தால் முடியும். சம்பளம் கொடுப்பதும் அதுதான், சட்டம் போடுவதும் அதுதான். அப்படிப்பட்ட முதலாளியிடம் ஒத்தை ஜூனியர் அசிஸ்டென்ட் போய் நியாயம் கேட்டால் என்ன ஆகும்? மனு ஃபைலுக்குள் தூங்கும். அதனால்தான் சொல்றேன், சங்கம் அவசியம்.

ஆனால், சங்கத்துக்காரங்களிடமும் ஒரு கேள்வி இருக்கு. 2018 ஜனவரியில், பொங்கல் நெருங்கும் நேரத்தில், அரசு பஸ் ஊழியர்கள் ஒரு வாரம் வண்டி எடுக்கவில்லை. ரிட்டயர் ஆனவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் அவர்கள் கேட்டதில் ஒன்று. நியாயம்தான். ஆனால், பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு நின்ற எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்ந்தது? ஜனங்களுக்குப் புரிய வைக்காத போராட்டம் ஜனங்களுக்கு எதிரான போராட்டமாகத்தான் தெரியும். அப்புறம், சம்பள உயர்வுக்குக் கேட்கிற அதே குரல், கவுன்ட்டரில் லஞ்சம் வாங்குகிற சக ஊழியரையும் தட்டிக் கேட்டால், பொதுஜனமே வந்து கொடி பிடிக்குமே!

எல்லாத்தையும் கேட்டுவிட்டு நண்பன் சொன்னான்: "முதல்ல பாஸ் பண்றேன் மச்சி. சந்தாவை அப்புறம் கட்டிக்கலாம்."

கட்டுவான்!