வங்கி சொல்வது 54 லட்சம், வாங்குபவர் தருவது 46 லட்சம்: கடனில் இருக்கும் ஃபிளாட்டை விற்பது எப்படி?

வேலை போய் ஆறு மாதம். இஎம்ஐ நின்றுவிட்டது. மேடவாக்கம் ஃபிளாட் மீது இன்னும் 52 லட்சம் ரூபாய் பாக்கி. தேடிப் பிடித்த ஆள் 46 லட்சத்துக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். வங்கியோ, “எங்க வேல்யூவர் 54 லட்சம்னு கொடுத்திருக்கார், 46-க்கு எப்படி விட முடியும்?” என்கிறது.

இது உதாரணக் கணக்குதான். ஆனால், ஏலத்துக்கு முன் வீட்டை விற்க முயல்கிறவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுவே. பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வங்கி சம்மதித்து அடமானத்தை விடுவிப்பதை அமெரிக்காவில் ‘ஷார்ட் சேல்’ என்பார்கள். இங்கே அதற்குத் தனிப் பெயர் இல்லை. ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ வழியாகத்தான் நடக்கிறது.

எந்த மதிப்பு?

வங்கிக்கான மதிப்பீட்டு அறிக்கையில் பொதுவாக மூன்று தொகைகள் இருக்கும்: சந்தை மதிப்பு, விற்றால் கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு. பேச்சுவார்த்தையில் வங்கி நீட்டுவது பெரும்பாலும் முதல் தொகையை. ஆனால், எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதைச் சொத்தின் இப்போதைய ‘கைக்கு வரக்கூடிய மதிப்பை’ வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சமரசத் தீர்வு விதிமுறை. ஆக, 54-ஐ வைத்து மல்லுக்கட்டுவதற்கு முன், “அது எந்த 54?” என்று கேட்க வேண்டும்.

அந்த எண்ணிலும் ஓட்டை இருக்கலாம். வீட்டுக்குள் போகாமலே மதிப்பிட்டிருக்கலாம். பிரிக்கப்படாத நிலப் பங்கு குறைவாக இருப்பதையோ, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்பதையோ கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கலாம். இணைய விளம்பரத்தில் விற்பவர் கேட்கும் விலையையே ஆதாரமாகக் காட்டியிருக்கலாம்.

“விலை ஜாஸ்தி சார்” என்று சொன்னால் மட்டும் எடுபடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் இன்னொரு அறிக்கை, வாங்குபவரின் எழுத்துபூர்வ ஆஃபர், அவரிடம் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை கையில் வேண்டும். அதே சர்வே எண்ணில் சமீபத்தில் நடந்த விற்பனைகளை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் அது இலவசம். ஒரு சிக்கல்: பத்திரத்தில் எழுதும் விலையே உண்மை விலை என்று நம் ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

மேனேஜரிடம் கோபப்பட்டும் பயனில்லை. கடனை அனுமதித்தவரைவிட ஒரு படியாவது மேலே உள்ள அதிகாரிதான் சமரசத்துக்கு ஒப்புதல் தர முடியும். அவர் மேஜைக்குப் போவது காகிதம் மட்டுமே. அதனால், வங்கியின் பட்டியலில் உள்ள வேறொரு மதிப்பீட்டாளரை வைத்து மறுமதிப்பீடு செய்யும்படி, கட்டணத்தைத் தானே ஏற்பதாகச் சொல்லி, கடன்தாரர் எழுத்தில் கேட்பது நல்லது. இரண்டு மதிப்பீடுகளை ரிசர்வ் வங்கி எதிர்பார்ப்பது 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளுக்குத்தான். சாதாரண ஃபிளாட்டின் தலையெழுத்து ஒரே அறிக்கையில் தொங்குகிறது. அந்த அறிக்கையின் நகலைக்கூடக் கடன்தாரருக்குக் கொடுக்கப் பல கிளைகள் தயங்குகின்றன. மதிப்பீட்டுக் கட்டணத்தை அவர் தலையில் கட்டிவிட்டு நகலை மறைப்பதில் என்ன நியாயம்?

நேரம் ஓடுகிறது

சர்ஃபேசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகும் பேசலாம். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுப் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையே போய்விடும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வங்கிக்கும் நெருக்கடி உண்டு. ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடிப்படை விலையைக் குறைத்து மறுபடி ஏலம் விட வேண்டும், செலவும் ஏறும். கையில் இருக்கும் 46 லட்சத்தை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் பேச்சு நகரும்.

சம்மதம் கிடைத்தாலும், மீதி 6 லட்சம் முழுமையாகத் தள்ளுபடி என்று கடிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகைக்காக வங்கி பின்னால் வரலாம். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும். கணக்கு முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.