கம்பிக்குள் இருக்கும் வளையம்

வீடு கட்டுகிறவர்கள் கம்பி வாங்கப் போனால் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: கிலோ என்ன விலை, ஐந்நூறா ஐந்நூற்றைம்பதா? எண் கூடினால் இரும்பில் ஏதோ கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள், கார்பன் அதிகம், அதனால் பலமும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சரியல்ல. டிஎம்டி கம்பியின் பலத்தில் பெரும்பங்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்பதால் வருவதில்லை. உள்ளே இருப்பது எப்படி அமைந்திருக்கிறது என்பதால் வருகிறது.

500 என்ற எண், ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன் இழுவிசை வரை கம்பி நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஐஎஸ் 1786 தரக்குறியீட்டில் சாதாரண 500 ரகத்துக்குக் கார்பன் 0.30 சதவீதம் வரை போகலாம். 500டி ரகத்தில் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனாலும் இரண்டும் தாங்க வேண்டிய பலம் அதே 500. போதாக்குறைக்கு, டி ரகம் அறுந்துபோகும் முன் அதிகம் நீளவும் வேண்டும். கார்பன் குறைந்தும் பலம் குறையவில்லை என்றால் அந்தப் பலம் எங்கே இருக்கிறது?

கம்பியை அறுத்துப் பார்த்தால் தெரியும். அறுப்பதிலேயே கவனம் தேவை. அறுக்கும் சூட்டில் உள்ளமைப்பு மாறிவிடலாம் என்பதால் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கிறார்கள். வெட்டு முகத்தைச் சொரசொரப்பான எமரித் தாளில் தொடங்கி நைசான தாள் வரை படிப்படியாகத் தேய்க்கிறார்கள். தாள் மாறும்போதெல்லாம் துண்டைக் கால் வட்டம் திருப்பிக்கொள்வார்கள். முந்தைய தாளின் கீறல் முழுதும் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். கடைசியில், சுழலும் துணித் தட்டில் அலுமினாக் குழம்பு விட்டு மெருகேற்றினால் அதில் முகம் பார்க்கலாம். அந்த நிலையில் நுண்ணோக்கியில் வைத்தால், அங்கங்கே சில கசடுப் புள்ளிகளைத் தவிர வெறும் வெண்மைதான். பிறகு நைட்டாலில் சில நொடிகள் நனைக்க வேண்டும். நைட்டால் என்பது ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் நைட்ரிக் அமிலம் கலந்த திரவம். அது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அரிப்பதில்லை. பளபளப்பு மங்க மங்க, விளிம்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம் எழும். நடுவில் வெளிறிய வட்டம் நிற்கும். இந்த அளவுக்குப் பார்க்க நுண்ணோக்கிகூட வேண்டாம்.

வளையத்தில் இருப்பது மார்ட்டென்சைட் என்னும் கடினமான அமைப்பு. நடுவில் இருப்பவை மென்மையான ஃபெர்ரைட்டும் பெர்லைட்டும். ஒரே இரும்பு, ஒரே கார்பன். வேறுபட்டது ஆறிய வேகம் மட்டும். சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு கட்டும், சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி மிட்டாய் ஆகும், அதுபோல. ஆலையில் கடைசி உருளையைத் தாண்டி 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வரும் கம்பி, பாய்ந்தோடும் தண்ணீருக்குள் ஓரிரு நொடிகள் நுழைந்து வெளியேறுகிறது. தோல் விறைத்துவிடுகிறது, உள்ளே இன்னும் செந்தணல். அந்த உட்சூடு வெளியே பரவி, விறைத்த தோலைப் பதப்படுத்துகிறது. பிறகு நடுப்பகுதி நிதானமாக ஆறுகிறது. தோல் பலம் தருகிறது, நடு வளைந்துகொடுக்கிறது. நிலநடுக்கத்தில் இரண்டும் வேண்டும்.

இப்படி மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, எதிரொளியில் இரும்பைப் பார்க்கும் முறையைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. பாறைகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி ஆராய்ந்துவந்தவர் அவர். இரும்பு அவ்வளவு மெல்லிசானாலும் ஒளியை விடாது என்பதால் மேலிருந்து ஒளியைப் பாய்ச்சினார். 1864இல் பாத் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தில் தம் படங்களைக் காட்டினார். உருக்கு ஆலைகள் நிறைந்த ஊரில் இருந்தும், அவர் கண்டதன் அருமையை உலகம் உணர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. முத்துச் சிப்பிபோல் மினுங்கியதாக அவர் விவரித்த பகுதிதான் இன்றைய பெர்லைட். மார்ட்டென்சைட்டின் பெயர், இதே துறையில் உழைத்த ஜெர்மானியர் அடோல்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக வந்தது.

இதெல்லாம் ஆய்வகச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. கட்டுமான இடத்தில் தடித்த கம்பி வளைய மறுத்தால், கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறார்கள். கம்பியின் தடிமனும் வரிகளும் அப்படியே இருக்கும். சூடுபட்ட இடத்தில் வளையம் மட்டும் இளகிப்போயிருக்கும். கம்பியை லேத்தில் கடைந்து மரை போடுவதும் தவறு. கடைசலில் உதிர்வது பலமான தோல்தான். ஆணிக்கும் போல்ட்டுக்கும் வேறு கம்பி இருக்கிறது.

கோவையின் வார்ப்பாலைகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. வார்ப்பிரும்பில் கார்பன் இதழ் இதழாகப் படிந்தால் அடி தாங்காமல் உடையும். வார்க்குமுன் துளி மக்னீசியம் சேர்த்து அதை உருண்டைகளாக்கினால் அதே இரும்பு வளைந்து கொடுக்கும். உருண்டை சரியாக அமைந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அங்கே அன்றாட வேலை.

கம்பியில் வளையம் தெரிந்தால் மட்டும் போதாது. அது அறுபடாமல், சுற்றிலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் ஆலையில் தண்ணீர் சீராகப் படவில்லை என்று பொருள். ஒரு துண்டின் முகம் கட்டு முழுவதற்கும் சாட்சி ஆகாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவை இழுவைச் சோதனையும் வளைவுச் சோதனையும்தான். அவற்றில் கம்பி தவறினால், ஏன் தவறியது என்பதற்கு நுண்ணமைப்பு காரணம் காட்டும். உலோகவியல் ஆய்வகம் உள்ள பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும், பக்கத்தில் எழும் பள்ளிக் கட்டடங்களிலிருந்தும் பாலங்களிலிருந்தும் கம்பித் துண்டுகளை வாங்கி மாணவர்களை அரித்துப் பார்க்கச் சொல்லலாம். எமரித் தாள், துணித் தட்டு, ஒரு குப்பி நைட்டால் தவிர அதற்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை.