தோட்டத்து டார்ச்சுக்கு எந்த பாட்டரி?

போடியிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, இறங்கியபின் இருட்டில் ஏலத்தோட்டத்துக்கு நடப்போர் ஏராளம். சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. பாதி வழியில் விளக்கு அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

சரிவில் இரு கைகளும் வேண்டும். ஆகவே தலையில் மாட்டும் டார்ச்சே நல்லது. சாதாரண மலிவு பாட்டரி மலைக்குளிரில் சீக்கிரம் மங்கும். சார்ஜ் செய்யும் 1.2 வோல்ட் நிக்கல் பாட்டரி குளிரைத் தாங்கும்; நூற்றுக்கணக்கான முறை பயன்படும். விலை கூடினாலும் வருடக் கணக்கில் லாபமே. பாட்டரியைக் கழற்ற முடியாத டார்ச் வேண்டாம். வழியில் தீர்ந்தால் மாற்ற முடியாது. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

மருந்தடிக்க பம்பு வாங்கித் தரும் தோட்டக்காரர், ஆளுக்கொரு டார்ச்சும் இரண்டு செட் பாட்டரியும் தருவதுதான் நியாயம்.