ஆறப் பொறுப்போம்



ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சோற்றுக்காகச் சொல்லப்பட்ட அம்மொழி, காயம்பட்ட காலுக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு என் முன்னாள் மாணவர் ஒருவரிடமிருந்து நான் கற்றுக் கொண்டேன்.

மாலை வேளைகளில் நம் பள்ளித் திடலைச் சுற்றி ஓடும் அவ்விளைஞரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைப்பவர் அவர். பணத்திற்காகவோ பதக்கத்திற்காகவோ அவர் ஓடுவதில்லை. பத்து கிலோமீட்டர் தொலைவை 48 நிமிடத்தில் ஓடியதே அவருடைய சொந்தச் சாதனை. அதனை 45 நிமிடமாகக் குறைக்க வேண்டும் என்பதே அவருடைய கனவு. பிறரை வீழ்த்த எண்ணாமல், நேற்றைய தன்னையே வெல்ல முயலும் இப்போட்டியைக் காட்டிலும் தூய போட்டி வேறு உண்டோ?

ஆயினும், அத்தூய ஆசையே அவருக்குத் தீங்காயிற்று. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் வலி கண்டது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது நொண்டுவார். ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் வலி மறைந்துவிடும். மறைந்த வலியை ஆறிய வலி என்று எண்ணி ஓடினார். முடிவில், மூன்று மாதம் ஓட்டத்தையே நிறுத்த நேர்ந்தது. மீண்டும் திடலுக்கு வந்த நான்காம் வாரமே, கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு பழைய வேகத்தில் ஓடிப் பார்த்தார். மறுநாள் குதிகால் வீங்கியது. பட்ட பாடெல்லாம் வீணாயிற்று.

“ஏன் தம்பி இந்த அவசரம்?” என்று கேட்டேன். “ஐயா, ஆறாம் ஆண்டில் கணுக்கால் வீக்கத்தோடு நான் ஓடினேனே! அடுத்த வாரச் சபைகூடலில் எல்லாரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னீர்களே!” என்று சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. அப்போது இப்பள்ளியில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் நானே. கோப்பை கைநழுவிப் போகக் கூடாது என்று, அச்சிறுவனின் கணுக்காலில் துணியை இறுகக் கட்டி ஓடச் சொன்னவனும் நானே. வலியைப் பொருட்படுத்தாதவனே வீரன் என்று அன்று நான் கற்பித்த பாடத்தை, அவர் இன்றளவும் மறக்கவில்லை.

அப்பாடத்தை நான் எங்கே கற்றேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். என் தாயார் பால்மரம் வெட்டியவர். காலில் முள் தைத்துச் சீழ் பிடித்த நாளிலும் இருட்டோடு எழுந்து வேலைக்குச் சென்றார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீட்டிலோ நாங்கள் ஐந்து பிள்ளைகள். நம் தோட்டங்களில் இத்தகைய தாய் இல்லாத வீடு ஏது? அவர்கள் வலியைப் பொறுத்தது வறுமையின் கட்டாயத்தால். ஓய்வெடுக்க வாய்ப்பிருந்தால் அவர்களும் ஓய்வெடுத்திருப்பார்கள். நாமோ அக்கட்டாயத்தையே ஒரு நற்பண்பாகக் கொண்டு, விளையாடப் போகும் பிள்ளைகளின் தலையிலும் சுமத்திவிட்டோம். இஃது என் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

அதே தாயார் மரத்திடம் காட்டிய பொறுமையையும் நான் கண்டிருக்கிறேன். ஒருநாள் வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வு. கத்தி ஆழமாகப் பாய்ந்துவிட்டால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அதில் சீராக வெட்ட முடியாது. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு, பால் வருவதே நின்றுவிடும். இன்று ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. எனினும், மூத்தவர்கள் இதனை மறந்திருக்க மாட்டார்கள். மரத்துக்குத் தந்த ஓய்வைப் பிள்ளையின் காலுக்குத் தர மறுப்பது முறையோ?

மனித உடலின் இயல்பும் இதுவே. பயிற்சியை மீண்டும் தொடங்கினால் இருதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணோ உறுதி பெறப் பல மாதங்கள் எடுத்துக் கொள்ளும். ஆகவே, மூச்சு ‘ஓடு’ என்று சொல்லும் நாளில், கால் ‘பொறு’ என்றுதான் சொல்லும். அவ்விளைஞர் மூச்சின் சொல்லைக் கேட்டார். காலின் சொல்லைக் கேட்கவில்லை.

அப்படியானால் உழைப்பில் வலியே கூடாதா என்று சிலர் கேட்கலாம். இரண்டு கால்களிலும் பரவலாகத் தோன்றி, ஓரிரு நாளில் நீங்குவது உழைப்பின் அயர்ச்சி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே இடத்தில் குத்தி, நாளுக்கு நாள் மிகுந்து, நொண்ட வைப்பது காயம். அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓய்வு என்பது என்றென்றும் படுத்துக் கிடப்பதும் அன்று. நடை, மெல்லோட்டம், ஓட்டம் எனப் படிப்படியாகப் பாரம் ஏற்றினால்தான் தசைநாண் வலுப்பெறும்.

நம் நாட்டின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசனை நினைவுகூர்வோம். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1966-இல் பேங்காக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். மருத்துவப் படிப்பையும் கைவிடவில்லை. 200 மீட்டரில் அவருடைய மிகச் சிறந்த நேரமாகிய 20.92 விநாடி, 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் கைகூடியது. முதல் ஒலிம்பிக்கிற்கும் அதற்கும் இடையே எட்டு ஆண்டுகள்! 2017 வரை அந்நேரமே மலேசியாவின் தேசியச் சாதனையாக நிலைத்தது. எட்டு ஆண்டுகளில் விளைந்த கனியை எட்டு வாரங்களில் பறிக்க எண்ணலாமா?

ஆகவே, அடுத்த ஆண்டு முதல் நம் பள்ளியில் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வலி என்று சொல்லும் எந்த மாணவரும், எத்தகைய கோப்பைக்காகவும், திடலில் இறக்கப்பட மாட்டார். மேலும், ஒவ்வொரு மாணவரின் ஓட்ட நேரமும் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் ஏட்டில் குறிக்கப்படும். ஆண்டிறுதியில் தம் சொந்த நேரத்தை மிகுதியாகக் குறைத்தவருக்கும் பரிசு உண்டு. கடைசியாக ஓடி வரும் மாணவருக்கும் வெல்வதற்கு ஒருவர் இருப்பார். அவர் நேற்றைய தாமே.

பெற்றோர்களே, “கால் வலிக்கிறது” என்று பிள்ளை சொன்னால், சோம்பல் என்று கடிந்து கொள்ளாதீர்கள்; உட்கார வைத்துக் காலைப் பாருங்கள்.

அவ்விளைஞர் இப்போது கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். பாதி நேரம் நடக்கிறார். பாதி நேரம் மெல்ல ஓடுகிறார். நொண்டாமல் வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் அவருக்கு ஒரு சொந்தச் சாதனையே. 45 நிமிடக் கனவு எங்கும் ஓடிவிடாது. அதனை அவர் எட்டும் நாளில், சபைகூடலுக்கு அவரை அழைத்து மீண்டும் கைதட்டச் சொல்வேன். இம்முறை, அவர் பொறுத்திருந்ததற்காக.