பாட்டியின் பெயரால்

டெலிவிஷன் சமையல்காரர்கள் கையில் இத்தாலிய வீட்டுச் சமையல் ஒரு மடமாகிவிட்டது. ஆசாரம், தீட்டு, பிரஷ்டம் எல்லாம் உண்டு.

2015இல் கார்லோ க்ராக்கோ என்ற பிரபலம், அமாத்ரிச்சானா சாஸில் தான் பூண்டு சேர்ப்பதாக இத்தாலிய டெலிவிஷனில் சொன்னார். சாஸுக்குப் பெயர் தந்த அமாத்ரீச்சே ஊரின் நகரசபையே மறுத்து அறிக்கை விட்டது. 2017இல் நைஜெல்லா லாஸனின் கார்பொனாராவில் க்ரீம் இருந்ததற்காக இத்தாலியர்கள் கொதித்தார்கள். 2010இல் ஒரு பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் ஜீனோ தகாம்போ செய்த மாக்கரோனியை ருசித்த தொகுப்பாளினி, இதில் ஹாம் இருந்தால் கார்பொனாரா மாதிரி ஆகிவிடும் என்றார். என் பாட்டிக்குச் சக்கரம் இருந்தால் அவள் சைக்கிள் என்றார் அவர். (நம் அத்தையும் மீசையும்தான், இத்தாலிய மோஸ்தரில்.) எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எந்தப் பாட்டி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய இத்தாலியச் சமையல் புத்தகங்களில் கார்பொனாரா என்ற பெயரில் ஒரு பாஸ்தா அகப்படுவதில்லை. 1954இல் 'லா குச்சீனா இத்தாலியானா' பத்திரிகை வெளியிட்ட குறிப்பில் பூண்டு இருக்கிறது, சுவிட்ஸர்லாந்தின் க்ரூயேர் சீஸ் இருக்கிறது. இன்றைய மடாதிபதிகள் அதைச் சமைத்தவளைத் தெருவில் நிறுத்துவார்கள். பொலோன்யாவின் ராகுவுக்கு இத்தாலியச் சமையல் அகாதெமி 1982இல் அங்குள்ள வர்த்தக சபையில் ஒரு சூத்திரம் பதிந்தது; 2023இல் அதையே திருத்திப் பதிந்தது. இடைப்பட்ட 41 வருஷம் வீடுகளில் கொதித்ததெல்லாம் அபசாரமா?

வீட்டுச் சமையலை மதித்தவர் பெல்லெக்ரீனோ அர்த்தூசி. பட்டு வியாபாரி. 1891இல் சொந்தக் காசில் அச்சிட்ட புத்தகத்தில் 475 குறிப்புகள். கடைசிப் பதிப்பில் 790. வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதி அனுப்பியதையெல்லாம் தன் அடுப்பில் செய்து பார்த்துச் சேர்த்தார்.

டெலிவிஷனால் இது முடியாது. ஏன் என்பதற்கு மார்செல்லா ஹஸானின் 1973ஆம் வருஷத்துப் புத்தகத்திலுள்ள தக்காளி சாஸ் ஒன்று போதும். தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய வெங்காயம், உப்பு. சின்னத் தீயில் முக்கால் மணி. கத்தி வித்தை இல்லை, ஜ்வாலை எழும்பவில்லை. செய்கிறவள் அவ்வப்போது கிளறுகிறாள், வெண்ணெய் பிரிவதைப் பார்க்கிறாள், முகர்கிறாள். இந்த முக்கால் மணியில் காமிராவுக்கு வேலையே கிடையாது. அந்த வெற்றிடத்தைத்தான் பூண்டுச் சண்டையால் அடைக்கிறார்கள். சாஸ் கொதிக்க ஆரம்பித்ததும் விளம்பரம். திரும்பி வந்தால் வேறொரு பாத்திரத்தில், யாரோ முன்கூட்டியே செய்துவைத்த சாஸ், தயார்.